சனீஸ்வரனும் என் சவரக்கத்திகளும்

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் எடுத்த சபதங்களில் ஒன்றாவது நிறைவேறட்டும் என்று போன ஆவணியில் புதிதாக ஒரு சபதம் எடுத்தேன். எங்கள் ஹோலில் நிற்கும் கண்ணாடி அலுமாரியை எப்படியாவது பிடிப்பது. முழுதாக வேண்டாம். மேல் தட்டு இரண்டும் போதும். நாட்டைப் பிடிக்கிறவர்களே பிடித்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் இரண்டு தட்டைப் பிடிக்க முடியாதா?

எதற்கு என்று கேட்பீர்கள். என் றேசர்களை வைக்க.

சிரிக்க வேண்டாம். சிரிக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பிளாஸ்ரிக் பிடியில் பிளேட்டை வரிசையாக அடுக்கி விற்கிற சாமானால் முகத்தைச் சுரண்டிவிட்டு, அதற்கு ஷேவ் என்று பெயரும் வைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறுகிற கூட்டம். தேங்காய் துருவுகிறவர்கள்கூட அதைவிடக் கவனமாகத் துருவுவார்கள். டின்னிலிருந்து புஸ்ஸென்று வருகிற நுரையைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிற அந்த முகங்களை நினைத்தாலே எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அவர்களுக்கு முகம் இருப்பதே வீண்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு ஷேவ் என்றால் பூசை. மரக்கிண்ணத்தில் சவர்க்காரம், அதில் சுடுதண்ணீரில் ஊறிய பிறஷ், வட்டம் வட்டமாகச் சுற்றி எழுப்பும் நுரை. பிறகு அன்றைய றேசரைத் தெரிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை மனநிலைக்குப் பொருந்துகிற றேசர் வியாழக்கிழமைக்குப் பொருந்தாது. இதெல்லாம் முடிந்து நான் பாத்ரூமை விட்டு வெளியே வரும்போது என் மனைவி ஜெயராணி துவாயும் கையுமாக வாசலில் நிற்பாள். அவள் முகத்தில் இருப்பது பக்தி அல்ல.

எனக்கு இந்த ஞானத்தைத் தந்தவர் மாளிகாவத்தையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அலவி நானா. அவருடைய கடையில் நடப்பதற்கு இடமில்லை, பக்கவாட்டில்தான் போகலாம். அங்கேதான் பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கிற றேசரைக் கண்டேன். சீப்பு மாதிரிப் பல் வைத்த பித்தளை றேசரைக் கண்டேன். கடைசியாக, எருமைக்கொம்புப் பிடியும் இங்கிலாந்து ஷெஃபீல்ட் முத்திரையும் உள்ள ஒரு சவரக்கத்தியைக் கண்டேன். அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அலவி நானா என் தோளைத் தட்டி, "இப்பிடிச் சாமான் இனி வராது தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றார். என்ன விலை கொடுத்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கதையை ஜெயராணியும் வாசிப்பாள்.

பிரச்சினை கடல்தான். எங்கள் ஃபிளாட் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. கடற்காற்று வருகிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். காற்று வந்தது. வந்து முதலில் யன்னல் கொளுக்கியைத் தின்றது, பிறகு ஃபேனைத் தின்றது, பிறகு கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் தூங்கிக்கொண்டிருந்த என் றேசர்களிடம் வந்தது. ஒரு காலை ஷெஃபீல்ட் கத்தியில் ஊசிமுனை அளவு சிவப்பாகக் கறள் கண்டேன். அன்று கந்தோருக்கு லீவு போட்டேன்.

வீட்டில் உப்புக்காற்று நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரப்பர் வைத்து இறுக்கிய அந்தக் கண்ணாடி அலுமாரி. அதற்குள் யார் இருந்தார்கள்? எங்கள் கலியாணத்துக்கு ஜெயராணியின் மாமா தந்த பீங்கான் டின்னர் செற். இத்தனை வருடத்தில் அந்தக் கோப்பைகளில் ஒரு பருக்கை சோறு விழுந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கு பிளாஸ்ரிக் கோப்பை, டின்னர் செற்றுக்கு ஓய்வு. வேலை செய்யாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்கு எங்கேயுமே பிடிக்காது. நேரே போய்க் கேட்டேன்.

"ஜெயா, அலுமாரியில மேல் தட்டு ரெண்டையும் எனக்குத் தாரும்."

"ஏன்?"

"றேசர் வைக்க."

"உங்களுக்கு எத்தனை முகம்?"

"ஒண்டுதான்."

"அந்த ஒண்டுக்கே இவ்வளவோ?"

"உமக்குக் கழுத்தும் ஒண்டுதானே. சங்கிலி எத்தனை வச்சிருக்கிறீர்?"

"சங்கிலியை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். உங்கட றேசரை எந்த பாங்கில எடுப்பினம்?"

இப்படிப்பட்ட வாதங்களுக்குப் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு. எனவே பல்கனிக்குப் போய்விட்டேன். பல்கனியில் யோசனை வந்தது. என் மனைவி பயப்படுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அது நான் இல்லை. சனீஸ்வரன்.

எனக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. அது பொய்யில்லை, பஞ்சாங்கத்திலேயே இருந்தது. என் பிறஷர் கூடினாலும் சனி, மாப்பேணி கை தவறி விழுந்தாலும் சனி, மேல்வீட்டுக்காரரின் குழாய் எங்கள் கூரையில் ஒழுகினாலும் சனி என்று ஜெயராணி அந்த மனுசன் மேல் எல்லாப் பழியையும் போட்டு வைத்திருந்தாள். சனிக்கு உரியது இரும்பு. சனிக்கு உரிய திசை மேற்கு. எங்கள் ஹோலில் மேற்குப் பக்கம் நிற்பது கண்ணாடி அலுமாரி. இவ்வளவையும் கடவுளே அடுக்கி வைத்திருக்கும்போது, அதைச் சொல்ல ஒரு வாய் மட்டும்தான் தேவைப்பட்டது.

அந்த வாய் கொட்டாஞ்சேனையில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையும் இரண்டு கதிரையும் போட்டுக்கொண்டு எதிர்காலம் சொல்லும் அழகர் சாத்திரியார். மற்றவர்களுக்கு ஏழேழு ஜென்மமும் பார்த்துச் சொல்வார். தான் மட்டும் மழை நாளில் குடை இல்லாமல் வந்து நனைவார். ஜெயராணியின் குடும்பமே அவரிடம்தான் நாள் கேட்கும். ஜெயராணிக்குத் தெரியாமல் அவரைத் தனியாகப் போய்ச் சந்தித்தேன். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பாடமாக்கிக் கொடுத்தேன். கூடவே மூடி திறக்காத ஒரு போத்தலையும் கொடுத்தேன். போத்தலைப் பலகைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை புரட்டாதிச் சனி விரதத்துக்கு நாள் பார்க்கப் போவோம் என்று ஜெயராணியைக் கூட்டிப்போனேன். அழகர் என் குறிப்பை விரித்தார். உச்சுக் கொட்டினார். கட்டங்களுக்கு மேல் விரலை ஓட்டினார். நடிப்பில் குறை சொல்ல முடியாது.

"ஐயாவுக்கு நேரம் கடுமையாத்தான் இருக்குதுங்கம்மா. வீட்டுல பழைய இரும்பு இருக்கணும். கூர்மையான இரும்பு. ஹோல்ல, மேக்கால, கண்ணாடிக்குப் பின்னால வைக்கணும். உப்புக்காத்து படவே கூடாது. சீமை இரும்பா இருந்தா ரொம்ப விசேஷம். ஷெஃபீல்டுன்னா இன்னும் விசேஷம்."

நான் பலகைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். பாடமாக்கச் சொன்னால் மனுசன் அடிக்குறிப்பையும் சேர்த்து ஒப்பிக்கிறார். ஆனால் ஜெயராணி கவனித்ததாகத் தெரியவில்லை. கைகூப்பி, கண்ணை மூடி, தட்சணையை வைத்தாள். திரும்பி வரும் வழி முழுவதும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பட்டதாரி ஆசிரியை, இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள், ஒரு போத்தல் சாத்திரத்துக்கு இப்படி மடங்குகிறாளே என்று உள்ளூர ஏளனமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று பின்னேரமே டின்னர் செற் வெளியேறியது. ஒவ்வொரு கோப்பையையும் அவளே பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அலுமாரியைத் துடைத்தாள். நான் கேட்டது இரண்டு தட்டு, அவள் தந்தது நாலு தட்டும். என் றேசர்கள் வரிசையாக ஏறின. நடுவில் ஷெஃபீல்ட் கத்தி, கொம்புப் பிடி மின்ன, பாதி விரித்தபடி. நான் கதிரையை இழுத்துப் போட்டு அவற்றுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தேன். ஜெயராணி ஒரு எள்ளெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து அலுமாரிக்கு முன்னால் ஏற்றி, விழுந்து கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும் பாடாகிவிட்டது.

அடுத்த நாள் காலை பிறஷை ஊற வைத்துவிட்டு, அன்றைய றேசரை எடுக்க அலுமாரிக் கதவில் கை வைத்தேன்.

"என்ன செய்யிறீங்க?"

"ஷேவ் எடுக்கப் போறன்."

"சனீஸ்வரன்ட இரும்பாலயோ?"

கையை எடுத்தேன். அவள் அமைதியாக விளக்கினாள். கும்பிட்டு விளக்கு வைத்த இரும்பை எடுத்துக் கன்னம் வழிக்கக் கூடாதாம். அதோடு புரட்டாதி பிறந்துவிட்டது, சனி விரதக்காரன் மாதம் முழுவதும் ஷேவ் எடுக்கவே கூடாதாம். இதை எந்த நூலில் கண்டீர் என்று கேட்டேன். விடியவே அழகருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டாளாம். அவர் ஓம் என்றாராம்.

வீடு நிறைய றேசர், முகம் நிறைய தாடி. இந்த நிலைமை இலங்கையில் வேறு யாருக்கும் வந்திருக்காது. என் தாடி ஒழுங்கான தாடியும் இல்லை. இடது கன்னத்தில் கறுப்பு, வலது கன்னத்தில் வெள்ளை, நாடியில் ஒன்றுமே இல்லை. கந்தோரில் மனேஜர் கதவைச் சாத்திவிட்டு, யார் தவறியது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன். என்னை விட்டு யாராவது போய்விட்டார்களா என்று இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டார். பிளாஸ்ரிக் றேசர்காரன். அவனுடைய மழுமழு கன்னத்தைப் பார்த்தபடி, விரதம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். ஒரு மாதம்தானே. அலுமாரி என் கையில். கறள் நின்றுவிட்டது. மாதம் முடிந்ததும் விளக்கை மெதுவாக வேறு பக்கம் நகர்த்தலாம் என்று திட்டம் போட்டேன்.

முதல் புரட்டாதிச் சனி வந்தது. கோயிலுக்குப் போய் எள்ளுப் பொட்டலம் எரித்தோம். பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்தோம். வெள்ளவத்தைக் காகங்களுக்கு அன்று ஃபிளாட்டுக்கு ஃபிளாட் விருந்து, எங்கள் சோற்றை ஒன்று மோந்துவிட்டுப் பறந்தது. பிறகு நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். எழும்பி அலுமாரியைப் பார்த்தால் பல்வைத்த பித்தளை றேசரைக் காணவில்லை.

தானம் கொடுத்துவிட்டாளாம். சனிக்கு எள்ளும் கறுப்புத் துணியும் இரும்பும் தானம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் தெரியாது. எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். சனியைக் கூப்பிட்டு ஹோலில் இருத்திய எனக்கு, அந்த மனுசன் வெறுங்கையோடு போகமாட்டார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"அது பித்தளை, ஜெயா. இரும்பு இல்லை."

"உள்ளுக்கு ஆணி இரும்புதானே."

"ஆருக்குக் குடுத்தனீர்?"

"பீற்றருக்கு. உடம்பால உழைக்கிற ஆளுக்குத்தான் குடுக்கோணுமாம்."

பீற்றர் கொச்சிக்கடைக்காரன். விடியவே பேலியகொடையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவருகிறவன். விரத மாதம் என்பதால் நாங்கள் அவனிடம் மீன் வாங்கவில்லை, அவன் எங்களிடம் தானம் வாங்கினான். கீழே இறங்கி ஓடினேன். கேற்றடியில் பலகையைப் போட்டுக்கொண்டு கொடுவா மீன் ஒன்றுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். என்னுடைய றேசரால். அந்தப் பல் வரிசை செதிலில் இறங்கிய சத்தம் என் நெஞ்சில் கேட்டது.

"அக்கா தந்தாங்க சார். செதில் எடுக்கவே செஞ்ச மாதிரி இருக்குது" என்றான். அந்தச் சாமான் ஒரு காலத்தில் கனவான்களின் கன்னத்தில் ஓடியது என்று சொன்னேன். அவன் அதை மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த வாடை இப்போது இல்லை என்றான்.

மேலே வந்து அழகருக்கு ஃபோன் எடுத்துக் கிழி கிழியென்று கிழித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லச் சொன்னத நான் சொன்னேங்க. அவங்க தானம் உண்டானு கேட்டாங்க. உண்டுன்னேன். இருக்கிறத இல்லன்னா சொல்ல முடியும்? எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க."

இரண்டாவது சனி, கதவு திறக்கிற றேசர் போனது. அது எங்கள் ஃபிளாட் வாட்சருக்கு. அவர் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, பிளேட் போடுகிற இடத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டார். அவர் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நான் படியில் ஏறினேன். அவரைக் கடந்து போகிற தைரியம் எனக்கு இல்லை.

மூன்றாவது சனிக்கு முதல் நாள் பின்னேரம் கந்தோரால் வந்தபோது ஜெயராணி ஹோலில் நிலத்தில் இருந்தாள். முன்னால் கறுப்புத் துணி விரித்திருந்தது. துணியில் ஒரு பிடி எள். எள்ளுக்கு மேலே எருமைக்கொம்புப் பிடி. என் ஷெஃபீல்ட். பீற்றர் கணவாய் மீன் கீறுவதற்கு நல்லதாக ஒன்று கேட்டிருந்தானாம். சனீஸ்வரனுக்கும் சீமை இரும்பு விசேஷம் அல்லவா, இதையே கொடுத்தால் ஏழரையும் ஒரேயடியாகக் கழியும் என்று சொல்லித் துணியின் ஒரு மூலையை மடித்தாள்.

மற்ற றேசர்கள் போகட்டும். அவை வாங்கியவை. இது நான் நேசித்தது. கணவாயின் மை அந்தக் கத்தியில் வழிவதை மனக்கண்ணால் பார்த்தேன். அவள் இரண்டாவது மூலையை மடித்தாள். மானமா, கத்தியா? மூன்றாவது மூலைக்கு அவள் கை போகும்போது நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"ஜெயா, ஒரு விசயம் சொல்லோணும். அழகர் சொன்னது சாத்திரம் இல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அவள் கை நின்றது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"எல்லாமோ?"

"எல்லாம். மேற்கு, கண்ணாடி, உப்புக்காத்து."

"சீமை இரும்பு?"

"அதுவும்."

"ம். சனீஸ்வரன் எப்ப ஷெஃபீல்டுக்குப் போய் வந்தவர் எண்டு அண்டைக்கே யோசிச்சனான்."

"அப்ப உமக்கு முதலே தெரியுமோ?"

"பஸ்ஸில வரேக்கையே தெரியும். நீங்களாச் சொல்லுறீங்களோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

துணியை விரித்து, எள்ளைத் தட்டிவிட்டு, கத்தியை எடுத்து என் கையில் தந்தாள். இனித் தானமும் வேண்டாம், விரதமும் வேண்டாம் என்றாள். நான் நன்றி சொல்ல வாய் திறக்கிறதுக்குள், பரிகாரமே பொய் என்றால் இரும்புக்கு அலுமாரியில் என்ன வேலை என்று கேட்டாள். எல்லாப் பதிலையும் நானே சற்று முன்புதான் சொல்லி முடித்திருந்தேன். டின்னர் செற் கட்டிலுக்குக் கீழிருந்து எழும்பி வந்தது. கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தவன் நான். மிஞ்சிய றேசர்கள் பிஸ்கட் டின்னுக்குத் திரும்பின, கடற்காற்று அவற்றை மறந்திருக்காது.

ஆனாலும் ஷெஃபீல்ட் தப்பிவிட்டது. விரதமும் முடிந்துவிட்டது. தோற்றவன் என்றாலும் மழித்த முகத்தோடு தோற்கலாம் என்று பாத்ரூமுக்குப் போனேன். பிறஷை ஊற வைத்தேன். நுரை எழும்பியது. இரண்டு வாரத் தாடிக்கு மேலே அதைப் பூசிக் கத்தியை விரித்தேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஜெயராணி துவாயோடு நின்றாள்.

"அதை வழிச்சிடாதீங்க."

"ஏன்? விரதம்தான் முடிஞ்சுதே."

"விரதம் முடிஞ்சுது. நேர்த்தி முடியேல்லை."

"என்ன நேர்த்தி?"

"அழகரிட்ட இருந்து வந்த அண்டைக்கே கதிர்காமத்தானுக்கு நேர்ந்தனான். இந்த மனுசன் தன்ர வாயால உண்மையைச் சொன்னால், தாடியும் தலையுமா மொட்டை அடிப்பிக்கிறன் எண்டு. முருகன் கேட்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுறம், வானுக்கும் சொல்லியாச்சு."

நான் நுரையோடு நின்றேன். சனீஸ்வரனோடு விளையாடியவன் முருகனோடு வழக்காட முடியாது. அதுவும் அவர் தன் பங்கைச் சரியாகச் செய்து முடித்த பிறகு. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. கன்னம் வழிக்கக் கிடைக்காத கத்திக்கு ஒரு முழுத்தலை கிடைக்கிறது. மாணிக்க கங்கைக் கரையில், வெயிலில், எருமைக்கொம்புப் பிடி மின்ன. நாலு பேர் நின்று பார்ப்பார்கள், விசாரிப்பார்கள். ஷெஃபீல்டை மடித்துத் துவாயில் பக்குவமாகச் சுற்றினேன்.

"சரி. அப்ப இந்தக் கத்தியையும் கொண்டு வாறன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் ஜெயராணி. "அங்க பிளாஸ்ரிக் றேசர் வச்சிருக்கினம்."